பியானோவோடு கதை சொல்லும் நாடகம்: கொஞ்சம் உதவி வேண்டும்

நாடகக்காரர்களுக்கும் மேற்கத்திய இசை தெரிந்தவர்களுக்கும் வணக்கம். மோனா கோலாபெக் என்ற அமெரிக்கப் பியானோ கலைஞர், தன் அம்மா லீசா யூராவின் கதையைத் தனியாளாக மேடையில் சொல்லி வருகிறார். வியன்னாவில் மூன்று பெண்கள் உள்ள யூதக் குடும்பம். தப்பிச் செல்லும் ரயிலில் கிடைத்ததோ ஒரே ஒரு இடம். 1938இல் 14 வயது லீசாவை மட்டும் லண்டனுக்கு ரயிலேற்றினார்கள். நாஜிகளிடமிருந்து சுமார் 10,000 குழந்தைகளைக் காப்பாற்றிய கிண்டர்டிரான்ஸ்போர்ட் ஏற்பாடு அது. பெற்றோரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை.

மோனா அம்மாவாகவே பேசுகிறார், பேசியபடியே வாசிக்கிறார். நார்வே இசையமைப்பாளர் கிரீக்கின் ஏ மைனர் கான்செர்ட்டோதான் (பியானோவும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கதையை நகர்த்துகிறது. அழவைப்பதற்கென்று பின்னணி இசை போடுகிற வேலை இல்லை. (அது எனக்கு எப்போதோ அலுத்துவிட்டது.)

இதைப் பற்றிக் கல்லூரி மாணவர்களோடு ஒரு கலந்துரையாடல் நடத்தப்போகிறேன். அந்த கான்செர்ட்டோவின் தொடக்கத்தைப் பியானோவில் மட்டும் ஐந்து நிமிடம் வாசித்துக்காட்ட யாராவது வர முடியுமா? கீபோர்டு இருக்கிறது, பயணச் செலவு என் பொறுப்பு. அப்புறம், பேச்சுக்கு நடுவே இசையை எங்கே நிறுத்துவது, எங்கே தொடர்வது என்று மேடை அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். தப்பிப் பிழைத்தவர்களின் பிள்ளைகளே மேடையேறிய வேறு படைப்புகள் தெரிந்தாலும் எழுதுங்கள்.