துருப்பிடித்த தேவதை யாருக்குச் சொந்தம்?

வெட்டவெளி:
சுரங்கத்தை மூடுகிறார்கள், ஆலையை மூடுகிறார்கள். அப்புறம் அதே ஊரில் ராட்சத எஃகுச் சிற்பம் ஒன்றை நட்டு "இதுதான் உங்கள் பாரம்பரியம்" என்கிறார்கள். இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட்டில் 1998-இல் எழுந்த 'வடக்கின் தேவதை'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் உயரம், 54 மீட்டர் இறக்கை, 200 டன் எஃகு, 8 லட்சம் பவுண்டு செலவு. நிற்பது பழைய நிலக்கரிச் சுரங்கத்தாரின் குளியலறைகள் இருந்த மேட்டில். உருவமோ சிற்பி ஆண்டனி கோர்ம்லியின் சொந்த உடலை அச்செடுத்துச் செய்தது! சுரங்கத்தில் இறங்கியவன் அதில் எங்கே இருக்கிறான்?

கொல்லன்பட்டறை:
அந்தப் பணத்தில் பெரும்பகுதி தேசிய லாட்டரி நிதி, அதையும் சொல்லுங்கள். கட்டும்போது ஊரில் பலமான எதிர்ப்பு இருந்தது உண்மைதான். ஆனால் பிப்ரவரியில் எழுப்பிய தேவதைக்கு மே மாதத்திலேயே பக்கத்து நியூகாசில் கால்பந்து ரசிகர்கள் தங்கள் அணி வீரர் ஆலன் ஷியரரின் 9-ஆம் எண் சட்டையை மாட்டிவிட்டார்கள். அந்த உயரத்துக்குத் தூண்டில் நரம்பு கட்டி இழுத்து! பிடிக்காத சிலைக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

வெட்டவெளி:
அது கால்பந்துப் பித்து. அன்று அங்கே தண்ணீர்த் தொட்டி நின்றிருந்தாலும் மாட்டியிருப்பார்கள்.

செந்துரு:
சண்டைக்கு நடுவே ஒரு சின்ன விஷயம். "துருப்பிடிக்க விட்டுவிட்டார்கள்" என்று இந்தத் தேவதையைப் பார்த்துச் சிலர் திட்டுவதுண்டு. அது கார்டென் ரக எஃகு. செம்பு போன்றவை சிறிதளவு கலந்திருப்பதால் மேலே படியும் துரு கெட்டியாக ஒட்டிக்கொண்டு உள்ளே அரிப்பதை மட்டுப்படுத்தும், பெயின்ட் வேண்டாம். ஆனால் நனைந்தால் காயவும் வேண்டும். மடிப்பில் தண்ணீர் தேங்கினாலோ உப்புக்காற்று விடாமல் அடித்தாலோ அந்தப் படலம் நிலைக்காது, அரித்துக்கொண்டே போகும். பராமரிப்பே தேவையில்லை என்று விற்பவரை நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தின் 'கெல்பீஸ்' குதிரைத் தலைகள் வேறு ரகம், துருப்பிடிக்காத எஃகு.

வெட்டவெளி:
கெல்பீஸ் எனக்கும் பிடிக்கும். கால்வாயில் படகிழுத்த குதிரைகளுக்குக் குதிரைத் தலை. பார்த்ததும் புரிகிறது. இங்கிலாந்தில் சீயம் என்ற பழைய நிலக்கரி ஊரில் 2014-இல் முதல் உலகப் போர்ச் சிப்பாய் ஒருவனை எஃகில் உட்கார வைத்தார்கள். தற்காலிகமாகத்தான். ஊரார் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி அவனை அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஏன்? அவன் முகத்தில் மனிதன் தெரிந்தான்.

கொல்லன்பட்டறை:
அப்படியென்றால் இங்கிலாந்தின் இன்னொரு பழைய நிலக்கரி ஊரான செயின்ட் ஹெலன்ஸுக்கு என்ன சொல்வீர்கள்? அங்கே உள்ள 'கனவு' சிற்பம் கான்கிரீட்தான், எஃகு இல்லை. ஆனாலும் கதை இதேதான். சிற்பி ஜவுமே பிளென்சா முதலில் சுரங்க விளக்கு ஒன்றை வடிவமைத்துக் காட்டினார். முன்னாள் சுரங்கத் தொழிலாளர்களே வேண்டாம் என்றார்கள். கடைசியில் வந்தது கண்மூடிக் கனவு காணும் ஒரு பெண்ணின் முகம். பார்த்ததும் புரிகிற விளக்கை மறுத்தது அவர்கள்தான், கலை விமர்சகர்கள் இல்லை.

வெட்டவெளி:
இது எனக்குப் புதிது. சரி, விளக்குதான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. ஆனால் அங்கே வடிவத்தைக் காட்டிக் கேட்டார்கள், அவர்கள் சொன்னதும் மாற்றினார்கள். கேட்ஸ்ஹெட்டில் எதிர்ப்பு இருக்கும்போதே கட்டினார்கள். அது அங்கே நன்றாக முடிந்தது என்பதற்காக, அடுத்த ஊரிலும் கேட்காமல் கட்டலாம் என்பீர்களா?

கொல்லன்பட்டறை:
கேட்கட்டும். ஆனால் கேட்ஸ்ஹெட்டில் வாக்கெடுப்பு வைத்திருந்தால் அந்த மேடு இன்றைக்கும் காலியாகத்தான் கிடக்கும்.