கம்பனிக் கடனட்டை, என் பெயரில் நிலுவை: யாரிடம் போவது?

வணக்கம் உறவுகளே. உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் கொள்முதல் பார்க்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் நிர்வாகம் கடனட்டை ஒன்று எடுத்துத் தந்தது. மேலே கம்பனிப் பெயர், கீழே என் பெயர். மீனும் மரக்கறியும் காசுக்குத்தான். டீசல், ஏசி திருத்தம் எல்லாம் அட்டையில்.

சீசன் படுத்ததும் கம்பனி கட்டுவதை நிறுத்திவிட்டது. போன கிழமை ஓட்டோ லீசிங்குக்குப் போனேன். "தம்பி, கிரிப்பில நிலுவை காட்டுது" என்று கோப்பை மூடிவிட்டார்கள். கிரிப் (CRIB) என்றால் கொடுகடன் தகவல் பணியகம், ஒவ்வொருவரின் கடன் பதிவும் அங்கேதான். வீட்டுக்கு வந்து விண்ணப்பப் பிரதியைத் தேடி எடுத்தேன். 'கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. பக்கத்தில் என் அடையாள அட்டை இலக்கம். மெனேஜர் விரல் வைத்த இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டது நான்தான், மறுக்கவில்லை. அப்படியென்றால் வங்கி கம்பனியையும் பிடிக்கலாம், என்னையும் பிடிக்கலாம், சரி.

பில்கள் எல்லாம் கம்பனிப் பெயரில் என்னிடம் இருக்கின்றன. நான் கட்டிவிட்டுக் கம்பனியிடம் கேட்பதா, முதலில் வங்கிக்கு எழுத்தில் முறையிடுவதா? திருகோணமலையில் உள்ள மத்திய வங்கிப் பிராந்திய அலுவலகத்தில் இப்படி விசாரித்தவர்கள் இருக்கிறீர்களா? வேலையை விடாமல் செய்யக்கூடிய வழி என்றால் நல்லது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.