மேய்ச்சல் கோழியும் நாற்றுப் பாத்தியும்: அவரவர் பார்த்தது

சாயங்காலம் கத்தரி நாற்று நட்டு, தண்ணீர் விட்டு, வைக்கோல் மூடாக்கும் போட்ட பாத்தி. காலையில் கோழியைத் திறந்துவிட்ட அரை மணி நேரத்தில் எல்லாம் வேரோடு வரப்பில் கிடக்கிறது. ஒரு இலையைக்கூடக் கொத்தவில்லை. குஞ்சோடு இருந்த தாய்க்கோழி வேலை அது. இடதுகாலில் ஒரு இழுப்பு, வலதுகாலில் ரெண்டு இழுப்பு, ஒரு எட்டு பின்வாங்கி, தலையைச் சாய்த்து ஒற்றைக் கண்ணால் மண்ணைப் பார்க்கும். புழு நெளிந்தால் குஞ்சைக் கூப்பிடும். மறுபடி அதே இடத்தில் இழுப்பு. அதுக்கு நாற்று கண்ணிலேயே படவில்லை. தேடியது ஈரமண்ணையும் வைக்கோலுக்கு அடியில் ஒளிந்த பூச்சியையும்தான். நட்ட அன்றைக்கு வேர் மண்ணைப் பிடித்திருக்காது, ஒரு இழுப்புக்கே வந்துவிடும்.

*

இதுக்குச் சுற்றி வேலி கட்டுவதைவிட, கம்பிவலையை மண்ணோடு படுக்கப் போடுவது நல்லது. விதைத்த பாத்திக்கு ஒரு அங்குலக் கண் உள்ள வலை போதும். விரல் கம்பியில் தட்டும், இழுக்க முடியாது, நாலைந்து தடவை பார்த்துவிட்டுப் போய்விடும். ஓரத்தில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். வலை ஓரம் அரை அங்குலம் தூக்கி நின்றாலும் நகம் உள்ளே போய், மொத்த வலையையும் கிளப்பிவிடும். கெட்டிக் கம்பியை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கொண்டை ஊசி மாதிரி வளைத்து, ஓரம் முழுக்க ரெண்டு அடிக்கு ஒன்று அடியுங்கள். நாற்று நடும் பாத்தி என்றால் நடும் இடத்தில் மட்டும் கொறடால் கம்பியை அறுத்து, அறுத்த முனையைக் கீழே மடக்கிவிட வேண்டும். முனை மேலே நீட்டிக்கொண்டு இருந்தால் கோழிக் காலைக் கிழிக்கும், களை எடுக்கும் கையையும் கிழிக்கும். முள்ளங்கி, கேரட் பாத்தியில் கிழங்கு பருக்கும் முன்னால் வலையை எடுத்துவிடுங்கள். தண்டு கண்ணுக்குள் இறுகின பிறகு எடுத்தால் செடியும் சேர்ந்து வரும்.

*

பாத்தியைச் சுற்றி மிளகாய்த்தூள் தூவினாலே கோழி கிட்ட வராது. வலை எல்லாம் எதற்கு?

*

மிளகாய்த்தூள் சொன்னவருக்கு: அது எலிக்கும் அணிலுக்கும் எரியும், கோழிக்கு எரியாது. மிளகாயின் காரப்பொருளை உணரும் அமைப்பு பாலூட்டிகளில் இருப்பதுபோல் பறவைகளில் இல்லை. பழுத்த மிளகாயைப் பறவைகள் தின்று விதையைப் பரப்புவது அதனால்தான். தூள் தூவின பாத்தியிலேயே கோழி நின்று கிளறும், பக்கத்தில் போய்ப் பாருங்கள்.

வேலியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கோழி வேலியை ஒரே மூச்சில் பறந்து தாண்டுவது குறைவு. மேல் குறுக்குக் கட்டையை அண்ணாந்து பார்க்கும், பதுங்கும், எம்பி அதில் உட்காரும், அப்புறம் உள்ளே குதிக்கும். உட்கார இடம் தெரியாவிட்டால் எம்பவே யோசிக்கும். ஆகவே குறுக்குக் கட்டை வேண்டாம், வலையின் மேல் ஒரு அடியைத் தளர்வாக ஆடவிடுங்கள். கனத்த இனத்துக்கு 4 அடி போதும். எடை குறைந்த கோழி 6 அடியையும் தாண்டும். அதுக்கு ஒரு பக்கச் சிறகை மட்டும் வெட்டலாம். சிறகை விரித்தால் வெளிப்புறம் நீளமாகத் தெரியும் பத்து இறகு, அதில் பாதி நீளம். ரெண்டு பக்கமும் வெட்டினால் சமநிலை கெடாது, மறுபடி எம்பிவிடும். புதிதாக முளைக்கும் இறகின் தண்டு கருநீலமாக இருந்தால் உள்ளே இரத்தம் ஓடுகிறது என்று அர்த்தம். அதைத் தொடவே கூடாது. இறகு உதிர்த்து முளைத்ததும் திரும்ப வெட்ட வேண்டியிருக்கும். நாய், பூனை வருகிற இடத்தில் சிறகு வெட்டாதீர்கள். தப்பிக்க அதுக்கு வேறு வழி இல்லை.

*

கிளறுவதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் வளர்ந்த செடியைக் கொல்வது மண்குளியல். வெயில் பட்டு உலர்ந்த பாத்தி, செடி நிழல், பொடிமண்: கோழிக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. ஒருக்களித்துப் படுத்து, காலால் மண்ணை வாரி இறகுக்குள் அடித்துக்கொண்டே குழி பறிக்கும். கொஞ்ச நேரத்தில் தக்காளி வேர் வெளியே தெரியும். பேனும் செள்ளும் போக அது குளித்தே ஆக வேண்டும், தடுக்க முடியாது, இடத்தை மாற்றலாம். மழை படாத கூரைக்கடியில் ரெண்டு அடிச் சதுரத்தில், ஒரு அடி ஆழத்தில் பெட்டி வைத்து, உலர்ந்த மண், மணல், கொஞ்சம் அடுப்புச் சாம்பல் கலந்து போடுங்கள். நனைந்தால் அதை விட்டுவிட்டுப் பாத்திக்குத்தான் திரும்ப வரும். தனிச் செடி, இளம் மரம் என்றால் தூரைச் சுற்றிக் கைப்பிடி அளவுக் கல்லை நெருக்கமாக அடுக்கினால் போதும்.

*

நேரத்தை மாற்றிப் பாருங்கள். பகலெல்லாம் பட்டியில் தீனி, பொழுது சாய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது திறப்பு. இரைப்பை பாதி நிறைந்திருக்கும், மேய்ந்துவிட்டு இருட்டும் முன் தானே அடைய வந்துவிடும். குஞ்சோடு இருக்கும் தாய்க்கோழியை மட்டும் பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள்.

*

அறுவடை முடிந்த பாத்தியில் தாராளமாக விடலாம், களையும் புழுவும் போகும், எருவும் விழும் என்று சொல்ல வந்தேன்.

*

விடலாம். ஆனால் அடுத்த வாரமே கீரை விதைக்காதீர்கள். மட்காத கோழி எச்சம் இளவேரைக் கருக்கும், நோய்க்கிருமியும் இருக்கும். உண்ணும் பகுதி மண்ணில் படும் பயிருக்கு, மட்காத எரு போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி என்பது அமெரிக்க இயற்கை வேளாண் விதி. மண்ணில் படாத தக்காளி போன்றதுக்கு 90 நாள். நத்தைக்கு விஷ உருண்டை போட்ட பாத்தியிலும் கோழியை விடாதீர்கள், பொறுக்கித் தின்றுவிடும். நத்தைக்குத்தான் என்றால் வாத்து நல்லது. அது காலால் கிளறாது. ஆனால் ஈரப் பாத்தியை அலகால் துழாவிச் சேறாக்கும், இளங்கீரையையும் மேயும், அதனால் செடி ஒரு முழம் உயர்ந்த பிறகு விடுங்கள்.