சிகிச்சை முடிந்த பிறகும் எர்லிக்கியா பாசிட்டிவ்: மருந்தைத் தொடரலாமா?

கேள்வி (காப்பகத் தன்னார்வலர்):
ஏறக்குறைய நாற்பது நாய்கள் உள்ள ஒரு காப்பகத்தில் நான் உதவி வருகிறேன். கோடையில் ஆறு நாய்கள் தீனியை விட்டுச் சோர்ந்து படுத்தன. ஒன்றுக்கு மூக்கிலிருந்து இரத்தம் வடிந்தது. எர்லிக்கியா கேனிஸ் என்னும் பாக்டீரியாவால் வரும் உண்ணிக் காய்ச்சல் உறுதியானதால், ஆறுக்கும் 28 நாள் டாக்ஸிசைக்ளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்தோம். இப்போது எல்லாம் நன்றாகத் தின்று விளையாடுகின்றன. ஆனால் தத்தெடுக்க வந்த ஒரு குடும்பத்தார் கேட்டுக்கொண்டதற்காகக் கிட் சோதனை செய்தபோது, மீண்டும் பாசிட்டிவ் என்றே வந்தது. இன்னொரு சுற்று மருந்து கொடுக்க வேண்டுமா?

பதில் 1 (கால்நடை மருத்துவர்):
அந்த முடிவை மட்டும் வைத்து மருந்தைத் தொடங்காதீர்கள். நீங்கள் பயன்படுத்திய கிட் கிருமியைத் தேடுவதில்லை, கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைத்தான் காட்டுகிறது. அது நோய் தீர்ந்த பிறகும் மாதக்கணக்கில், சில நாய்களில் ஆண்டுக்கணக்கில்கூட இரத்தத்தில் இருக்கும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். சிகிச்சை பலித்திருந்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களிலேயே அது ஏறத் தொடங்கியிருக்கும். ஐயம் நீங்காவிட்டால், மருந்தை நிறுத்தி இரண்டு வாரங்களாவது கழிந்த பின், கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர் சோதனை செய்யலாம்.

தட்டணுக்கள் ஏறவில்லை என்றால் பேபீசியாவையும் நினைவில் கொள்ள வேண்டும். அதையும் நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்றே சொல்லிவிடுகிறோம்; ஆனால் அது பாக்டீரியா அன்று, சிவப்பணுக்களுக்குள் வாழும் ஒற்றைச்செல் ஒட்டுண்ணி. டாக்ஸிசைக்ளின் மட்டும் கொடுத்து அதைத் தீர்க்க முடியாது, இரண்டும் ஒரே நாயிடம் சேர்ந்திருப்பதும் அரிதன்று. இன்னொன்று: தட்டணுக்கள் குறைவாக உள்ள நாய்க்குக் கருத்தடை அறுவையை ஒத்திவையுங்கள். முகாம் தேதி நெருங்குகிறது என்று அவசரப்பட்டால் இரத்தக்கசிவை நிறுத்துவது கடினமாகிவிடும்.

பதில் 2 (மற்றொரு காப்பகத்தின் பொறுப்பாளர்):
மருத்துவர் ஐயா சொன்னதோடு, நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்கிறேன். முதல் ஆண்டு முழுவதும் நாய்களுக்கு மட்டுமே வைத்தியம் பார்த்தோம், சுவருக்குப் பார்க்கவில்லை. பழுப்பு நாய் உண்ணி வயிறு நிரம்பியதும் நாயை விட்டு இறங்கி, சுவர் வெடிப்பிலும் கூரை ஓட்டு இடுக்கிலும் ஏறிக்கொள்கிறது. ஒரு பெண் உண்ணி 4,000 முட்டைகள் வரை இடும், பசியோடு பல மாதங்கள் காத்துக் கிடக்கும். நாங்கள் வெடிப்புகளைச் சிமெண்ட் பூசி அடைத்து, பழைய சாக்குகளை எரித்து, நாய்களை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு மருந்து தெளித்து, தரை காய்ந்த பிறகே திரும்ப அழைத்து வந்தோம். அதே நாளில், நோயுற்றது, நலமானது என்று பாராமல் எல்லா நாய்களுக்கும் உண்ணி மருந்து கொடுத்தோம். பூனைகளும் இருந்தால் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்து எதையும் அவற்றின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அவற்றுக்கு அது நஞ்சு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. புதிதாக வரும் குட்டிகளைத் தனியே வைக்க எங்களிடம் ஓர் அறைதான் இருக்கிறது. தாய் உண்ணியிடமிருந்து முட்டை வழியாகவும் கிருமி பரவுமா?

பதில் 3 (கால்நடை மருத்துவர்):
எர்லிக்கியா கேனிஸ் அவ்வாறு பரவுவதில்லை. நோயுள்ள நாயைக் கடித்த இளம் உண்ணி, தோலுரித்து அடுத்த பருவத்துக்கு வளரும்போது கிருமியைச் சுமந்து சென்று அடுத்த நாய்க்குக் கொடுக்கிறது. எனவே வெளியே நலமாகத் தெரியும் பழைய நாயும் கிருமிக்குக் கிடங்காக இருக்கக்கூடும். ஓர் அறையே போதும்: வரும் நாளிலேயே உண்ணிகளை நீக்கி, வயதுக்கும் எடைக்கும் ஏற்ற மருந்தைக் கொடுத்து, மூன்று வாரம் வைத்திருங்கள். கடித்த 8 முதல் 20 நாளுக்குள் காய்ச்சல் தலைகாட்டும். மாத்திரை போட்டாலும் உண்ணி கடித்த பிறகுதான் சாகிறது, கிருமியோ சில மணி நேரத்திலேயே இறங்கிவிடக்கூடும். ஆகையால் உண்ணியை விரட்டும் கழுத்துப்பட்டையும் சேர்ந்திருந்தால் நல்லது.

உங்களிடம் ஜெர்மன் ஷெப்பர்டு இருந்தால் அதன் மீது ஒரு கண் வைத்திருங்கள். வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படை நாய்கள் பெருமளவில் இந்நோய்க்குப் பலியானபோது, மிகக் கடுமையாக அடிபட்டது அந்த இனமே.

கேள்வி கேட்டவர்:
தட்டணு எண்ணிக்கைக்கு நாளை இரத்தம் எடுக்கிறோம். அந்தக் குடும்பத்தாரிடம் முடிவு வரும் வரை காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். சுவரைப் பூச ஞாயிறன்று கொத்தனார் வருகிறார்.