‘டேக் ஃபைவ்’: உங்களை விடாமல் துரத்தும் வடிவம் எது?

விடிவெள்ளி
ஐந்து அடித் தாளத்தில் ஓடும் ஜாஸ் மெட்டு ‘டேக் ஃபைவ்’. டேவ் புரூபெக் குழுவின் 1959 மூலப் பதிவைப் பற்றி இங்கே விளக்க வேண்டியதில்லை. என் மனத்தை விட்டு அகலாதது லாகூர் சச்சல் குழு வாசித்தது. சாக்ஸபோன் மெட்டைச் சிதார் எடுத்துக்கொள்ள, பின்னால் வயலின்கள் மொத்தமாக எழும்புகின்றன. செய்தித்தாளில் மூழ்கியிருந்த அப்பா நிமிரவில்லை. ஆனால் வலக்கை தொடையில் தாளம் போடத் தொடங்கிவிட்டது. ஜாஸ் என்றாலே எழுந்து போகிறவர்! “கண்ட சாபுதானே, இன்னொரு தடவை போடு” என்றார், நம் கர்நாடக இசையின் ஐந்தடித் தாளத்தை நினைத்து.

தேம்ஸ்கரை
1968இல் ஜமைக்காவின் வால் பென்னட் இதே மெட்டை ‘தி ரஷ்யன்ஸ் ஆர் கமிங்’ என்ற பெயரில் வாசித்தார், நான்கு அடிகளில். லண்டனில் ஓர் இசைத்தட்டுக் கடையில் கேட்டேன். ஐந்தாம் அடிக்காகத் தூக்கிய கால் அந்தரத்தில் நின்றது. அந்த மெட்டின் உயிர் ஐந்தில்தான் இருக்கிறது என்று இனி யாரும் என்னிடம் சொல்ல முடியாது.

கஞ்சிரா
ஐந்தில்தான் இருக்கிறது, தேம்ஸ்கரை. நான்கில் வாசித்தால் இனிமையான வேறொரு பாட்டு, அவ்வளவுதான். விடிவெள்ளி, உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள்: கண்ட சாபு ‘தக தகிட’, இரண்டும் மூன்றும்; ‘டேக் ஃபைவ்’ ‘தகிட தக’, மூன்றும் இரண்டும். எங்கள் ஓட்டல் இசைக்குழுவில் சாக்ஸபோன்காரர் ஒரு நாள் சாபு கணக்கில் நுழைந்துவிட்டார். பாஸ் கருவி வாசித்தவர் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். பியானோக்காரர் மட்டும் அசையாமல் திரும்பத் திரும்ப வரும் அந்த இரண்டு கார்டுகளையே (சுரக்கூட்டுகளையே) வாசித்து எல்லோரையும் கரைசேர்த்தார்.

புதிதாகக் கேட்பவர்கள் 1959 பதிவில் முதலில் பியானோவை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். மூன்று, இரண்டு என்று கை தட்டுங்கள். கை தானாக ஓடத் தொடங்கிய பிறகு புரூபெக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோவின் தனிக்குப் போங்கள். அடிக்காமல் விடும் இடங்களில்தான் அவர் மேதைமை தெரியும். அங்கேயும் பியானோ நிற்காது. வேறு வடிவங்களை அதற்கப்புறம் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் கணக்கு குழம்பும்.

நள்ளிரவு வானொலி
மூன்று பேர் எழுதியும் இயற்றியவர் பெயர் வரவில்லையே! சிங்கப்பூரில் ஒரு கச்சேரியில் பாடகி “புரூபெக் இயற்றியது” என்று அறிவித்தார். எழுந்து சொல்ல நாக்கு துடித்தது, சொல்லவில்லை. இயற்றியவர் பால் டெஸ்மண்ட், அந்தச் சாக்ஸபோனை வாசித்தவரே. புரூபெக்கும் மனைவி அயோலாவும் எழுதியது பின்னால் சேர்ந்த பாடல் வரிகளை. அவற்றை ஜாஸ் பாடகி கார்மென் மெக்ரே 1961இல் பாடினார். டெஸ்மண்ட் 1977இல் இறந்தபோது தன் உரிமைத் தொகையை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்தார். அடுத்து எழுதுகிறவர்களாவது அவர் பெயரைப் போடுங்கள்.