பழைய சாரனும் வெட்டுத்துண்டும்: எங்கே கிடைத்தது, என்ன தைத்தீர்கள்?

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

பழைய துணித் துண்டுகளை மூட்டி ஒட்டுப்போர்வை தைக்கிறேன் என்றால் எங்கள் பக்கம் முதலில் வரும் கேள்வி, "ஏன், புதுத்துணி வாங்கக் காசில்லையா?" காசும் ஒரு காரணம்தான், ஒளிக்க என்ன இருக்கிறது. ஆனால் புடவைக்கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் பொலியெஸ்டர் கலந்தது. அயன் பிடித்தாலும் மடிப்பு நிற்காது. உள்ளங்கை அளவுத் துண்டுகளை மூட்டுகிறவர்களுக்கு மடிப்பு நிற்காத துணியைப்போல் தலையிடி வேறில்லை.

என் கட்சி இதுதான்: மட்டக்களப்பு, அம்பாறை என்ற எங்கள் இரண்டு மாவட்டத்திலும் ஒட்டுவேலைக்கு ஆகத் திறமான துணி, ஆள் உடுத்துப் பழசாக்கிய மருதமுனைக் கைத்தறிச் சாரன். கிணற்றடியில் வருடக்கணக்காகத் தோய்ந்து, சுருங்க வேண்டியது சுருங்கி, போக வேண்டிய சாயமும் போயிருக்கும். புதுப் பருத்தியைத் தோய்க்காமல் தைத்தால் முதல் தோய்ப்பில் போர்வை முழுவதும் கோணலாகிவிடும். இதில் அந்தப் பயம் இல்லை. கோடும் கட்டமும் நெசவோடேயே வருவதால் இழை பார்த்து நேராக வெட்டுவதும் சுகம்.

நைந்த இடம் பார்த்து எடுக்க வேண்டும். சாரனில் முதலில் போவது குந்துகிற இடம்தான். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். இழை ஐதாகத் தெரியும். அப்புறம் கோணவாட்டில் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பிரிந்தால் அந்தப் பகுதி வேண்டாம். மூட்டுத் தையலை வெட்டாமல் பிரித்தெடுத்தால், உள்ளே மடிந்து கிடந்த துணி வாங்கின நாள் நிறத்தோடேயே இருக்கும்.

பாவித்த சாரனைக் கடையில் யாரும் விற்பதில்லை, வீடுகளில்தான் கேட்க வேண்டும். கேட்பதிலும் விசயம் இருக்கிறது. "பழைய துணி இருக்கா" என்றால் தரை துடைக்கிற கந்தல்தான் வரும். என்ன தைக்கப் போகிறீர்கள் என்று காட்டிக் கேளுங்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பெத்தா (பாட்டி), நான் தைத்த தலையணை உறையைக் கண்டுவிட்டு, திவசம் முடிந்த பிறகு பெத்தப்பாவின் சாரன்களை மடித்துக் கொண்டுவந்து தந்தார். "வெட்டு மனே. இந்த நீலத்த மட்டும் பெரிய துண்டா வை." ஏன் என்று கேட்டேன். மற்றதெல்லாம் வயலுக்கு உடுத்ததாம், நீலம் கல்முனைக்குப் போனால் மட்டுமாம். அதை நடுச் சதுரமாக வைத்தேன். வயல் சாரன்களைச் சுற்றிவர வைத்தேன். பார்த்துவிட்டு அவர் சொன்னது: "மனிசன் உசிரோட இருந்தா, என்ட நல்ல சாரன வெட்டிட்டாய் எண்டு ஏசியிருப்பார்."

காத்தான்குடியிலிருந்து:

பெத்தாவின் கதை நல்லது. ஆனால் சாரன் எல்லாம் மருதமுனை இல்லை, தங்கச்சி. மெசின் தறியில் பொலியெஸ்டர் கலந்து நெய்த சாரனும் நிறைய ஓடுகிறது, தோய்த்துப் பழசானால் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். ஓரத்தில் ஒரு இழை பிடுங்கி நெருப்புக் காட்டுங்கள். பருத்தி என்றால் கடதாசி எரிகிற மணம் வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கறுத்த கட்டியாக இறுகும். கலப்பு என்றால் எரியவும் செய்யும், கட்டியும் மிஞ்சும். வெளியே நின்று, பக்கத்தில் தண்ணீர் வைத்துச் செய்யுங்கள். உருகின பொலியெஸ்டர் விரலில் ஒட்டினால் தோலோடுதான் வரும்.

எங்கள் வீடு தையல் வீடு. அபாயா வெட்டின மிச்சம் மூட்டைமூட்டையாகக் கிடக்கும். கேட்டு வருகிறவர்களுக்கு நானே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். வழுக்குகிற துணி, அயன் சூட்டில் மினுங்கிப் போகும். பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிற காலத்தில் வாருங்கள், வெள்ளைத் துண்டு கைநிறையக் கிடைக்கும். அதிலும் கலப்பு இருக்கும்தான். ஆனால் எல்லாம் ஒரே வகைத் துணி என்பதால் ஒன்றோடொன்று ஒத்துப்போகும்.

கல்லடியிலிருந்து:

நாங்கள் கேட்டு வாங்கவில்லை, துணிதான் எங்களைத் தேடி வந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு பாடசாலையில் தங்கியிருந்தபோது நிவாரண உடுப்பு மூட்டைகள் வந்தன. ஒன்றை அவிழ்த்தால் முழுக்கக் கம்பளிக் கோட். கையுறை வேறு. மட்டக்களப்பு வெக்கைக்கு! அந்த நாட்களிலும் அதைப் பார்த்துச் சிரித்தோம். யாரும் எடுக்கவில்லை, மூலையில் குவிந்து கிடந்தது.

அம்மா எடுத்தார். பொத்தானையும் உள்துணியையும் பிரித்துவிட்டு, கம்பளியைத் தட்டையாக வெட்டி, ஓரத்தோடு ஓரம் வைத்துக் கையால் இணைத்தார். மேலே ஒரு சேலை, கீழே ஒரு சேலை, முழுவதும் ஓட்டத் தையல். சீமெந்துத் தரையில் பாய்க்கு மேல் அதை விரித்துத்தான் படுத்தோம். ஒட்டுப்போர்வைக்கு நடுவில் ஒரு தடிப்பு வைப்பார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தரை குளிர்ந்தது, தைத்தார்.

ஒன்று மட்டும்: கம்பளியைச் சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் சுருங்கித் தடித்துவிடும். வேண்டுமென்றால் தைக்க முதலே அப்படிச் செய்துகொள்ளுங்கள். தைத்த பிறகு பச்சைத் தண்ணீர்தான்.

சம்மாந்துறையிலிருந்து:

கார்மென்ட் வெட்டுத்துண்டு கிலோக்கணக்கில் விற்கிற இடம் ஒன்று அம்பாறை டவுனில் இருந்தது. பையை அவிழ்த்துப் பார்க்க விடமாட்டார்கள். மேலே சேட்டுத் துணி, நல்ல பருத்தி. வீட்டில் வந்து கொட்டினால் அடியில் முழுக்க ரீசேட் துணி. திரும்பப் போய்க் கேட்டால், "நிறுத்துத்தானே தந்தோம்?"

சரி, வந்த துணியை என்ன செய்வது? ரீசேட் துணி இழுபடும், சும்மா மெசினில் வைத்தால் தையல் தவறிப் போகும். முனை உருண்ட ஊசி போட வேண்டும். ஒட்டுவேலைக்கே வேண்டுமென்றால் பின்பக்கம் மெல்லிய ஒட்டுக் கன்வஸை அயனால் ஒட்டிவிட்டு வெட்டுங்கள், இழுபடாது. எனக்கு அந்தப் பொறுமை இல்லை. நாடாவாக வெட்டி இழுத்தால் தானாகச் சுருண்டு கயிறுபோல ஆகும். அதைப் பின்னி வட்டமாகச் சுற்றித் தைத்தால் கால்மிதி. எங்கள் வீட்டில் கதவுக்குக் கதவு அதுதான் கிடக்கிறது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

காத்தான்குடி ராத்தா சொன்னது சரி. நானும் இழை எரித்துப் பார்த்துத்தான் எடுப்பேன், எழுத விட்டுப்போனது.

கல்லடிக்காரர் எழுதியதை வாசித்ததும் வங்காளத்துக் காந்தாப் போர்வைதான் ஞாபகம் வந்தது. அங்கேயும் பழைய சேலைகளை அடுக்கித்தான் ஓட்டத் தையல் போடுவார்கள். தைக்கிற நூலையும் சேலைக் கரையிலிருந்தே உருவி எடுப்பார்களாம். ஆகவே உள்ளே வைக்கப் பஞ்சு விரிப்பு எங்கே வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் கொழும்புக்கு ஆள் அனுப்ப வேண்டியதில்லை. நைந்த பெட்சீட் இரண்டு, இல்லாவிட்டால் பழைய துவாய் போதும். துவாய் வைத்தால் பாரம் கூடும், காயவும் நாள் எடுக்கும்.

காய்வது என்றதும் இன்னொன்று. மாரியில் துணி சேர்க்காதீர்கள். கார்த்திகை, மார்கழியில் அலுமாரிக்குள்ளிருந்து வருவதெல்லாம் பூஞ்சணம். கரும்புள்ளி விழுந்தால் பிறகு போகாது, மணத்தை மட்டும்தான் வெயில் எடுக்கும். மாசியிலிருந்து கேட்கத் தொடங்குங்கள். வாங்கின அன்றே தோய்த்துக் கொடியில் போடுங்கள். சிவப்பு, கத்தரிப்பூ நிறம் என்றால் ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துண்டில் அழுத்திப் பாருங்கள். சாயம் பிடித்தால் அதை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம்.

அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கம் யாராவது இருந்தால் அங்கே எப்படி என்று எழுதுங்கள். என்னிடம் பச்சைக் கட்டம் போட்ட சாரன் குறைவாக இருக்கிறது, மாற்றிக்கொள்ள நீலம் நிறைய உண்டு.