ட்ரோக்பா படித்த கணக்கியல்

குடும்பக் குழு, ஞாயிறு மாலை

நான் [6:10]: இம்முறையும் உதைபந்தாட்ட அணித் தெரிவில் என் பெயர் வரவில்லை. எனக்கு இருபது வயதாகிவிட்டது. ஆனால் டிடியே ட்ரோக்பா முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டபோது அவருக்கு வயது 21. ஆகவே கணக்கியல் வகுப்பை ஓராண்டுக்கு நிறுத்திவிட்டு, பயிற்சியில் மட்டும் இறங்கலாம் என்று யோசிக்கிறேன்.

பெரியம்மா [6:14]: இந்தக் குழுவில் முழு வாக்கியங்களில்தான் எழுத வேண்டும் என்று நான் போட்ட சட்டத்தைத் தம்பி மதித்திருக்கிறான், அந்த மட்டில் மகிழ்ச்சி. வகுப்பை நிறுத்துவது பற்றி அவனுடைய அப்பா பேசட்டும். அதற்கு முன் இந்த ட்ரோக்பா யார் என்று யாராவது சொல்லுங்கள்.

பரிஸ் சித்தப்பா [6:31]: அக்கா, அவர் ஐவரி கோஸ்ட் நாட்டு உதைபந்தாட்ட முன்கள வீரர். 1978இல் அபிஜான் நகரில் பிறந்தார். ஐந்து வயதில் அவரைப் பிரான்சுக்கு, தொழில்முறை ஆட்டக்காரராக இருந்த மிஷேல் கோபா என்ற உறவினரிடம் அனுப்பினார்கள். ஊர் நினைவு தாங்காமல் மூன்று வருடத்தில் திரும்பிப் போனார். அங்கே தாயும் தகப்பனும் வேலை இழக்கவே, மறுபடியும் பிரான்சுக்கே வந்தார். கோபா ஆடும் கழகம் மாறும்போதெல்லாம் பிள்ளைக்கும் புது ஊர், புதுப் பள்ளிக்கூடம். பிற்பாடு பெற்றோரும் வந்து சேர்ந்து, குடும்பமாகப் பரிசுக்குத் தெற்கே ஆந்தோனியில் இருந்தார்கள். நான் தினமும் வேலைக்குப் போகும் ரெயில் அந்த ஊரில் நின்றுதான் போகிறது. சிறு வயதில் வலதுபுறப் பின்கள ஆட்டக்காரனாக நின்ற பையனை, முன்னுக்குப் போ, சனம் முன்கள வீரனைத்தான் பார்க்கும் என்று தள்ளிவிட்டதும் அதே கோபாதான்.

அப்பா [6:38]: சரி, அந்த 21 வயதுவரை அவர் என்ன செய்துகொண்டிருந்தார்?

பரிஸ் சித்தப்பா [6:40]: அண்ணா, இதைச் சொன்னால் தம்பி என்னோடு கோபிப்பான். 1997இல் லு மான் கழகத்தில் சேர்ந்தவர், அதே ஊர்ப் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படித்துக்கொண்டிருந்தார்.

அப்பா [6:41]: கணக்கியல். இதைத் தனியாக ஒருமுறை எழுதி வைக்கிறேன்.

நான் [6:43]: அப்பா, ஒப்பந்தம் கிடைத்த பிறகு அவர் கணக்காளராக வேலைக்குப் போகவில்லையே.

பரிஸ் சித்தப்பா [6:55]: போகவில்லைதான். ஆனால் ஒப்பந்தம் கிடைத்தவுடன் எல்லாம் ஒழுங்காகிவிட்டது என்றும் நினைக்காதே. கழகத்தின் அன்றாடப் பயிற்சிக்கு அவருடைய உடம்பு ஈடுகொடுக்கவே வருடங்கள் பிடித்தன; அதற்குள் பாத எலும்பு, கணுக்கால் என்று ஒவ்வொன்றாக முறிந்தது. 1999-2000 பருவத்தில், அதுவும் இரண்டாம் பிரிவில், ஏழு கோல். அதற்கடுத்த பருவத்தில் ஒரு கோல்கூட இல்லை. 2002 சனவரியில் கெங்கோம் கழகம் அவரை வாங்கக் கொடுத்த பணம் ஏறத்தாழ 80,000 பவுண். ஊரின் மொத்தச் சனத்தைவிட மைதானத்தில் இருக்கைகள் கூடிய சிற்றூர் அது. அங்கே 2002-03இல் லீக்கில் 17 கோல் அடித்ததும் மார்செய் கழகம் கூப்பிட்டது. ஒரே பருவம் ஆடினார், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் யூஈஎஃப்ஏ கோப்பை இறுதி வரைக்கும் அணியைக் கொண்டுபோனார். 2004இல் லண்டனின் செல்சி கழகம் கொடுத்த விலை 24 மில்லியன் பவுண். இரண்டரை வருடத்துக்குள் முந்நூறு மடங்கு! அப்போது அவருக்கு வயது 26.

பெரியம்மா [7:02]: அந்த நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்ததாக வானொலியில் கேட்ட நினைவு இருக்கிறது. அவருடைய காலந்தானா அது?

பரிஸ் சித்தப்பா [7:15]: அதே காலந்தான் அக்கா. 2005 அக்டோபர் 8ஆம் தேதி சூடானில் வென்று, ஐவரி கோஸ்ட் அணியினர் முதன்முதலாக உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றார்கள். உடைமாற்றும் அறைக்குள் ட்ரோக்பா ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, வடக்கு தெற்கு என்று பாராமல் எல்லோரையும் பார்த்து, ஆயுதத்தைக் கீழே வையுங்கள் என்று கேட்டார். வீரர்கள் எல்லோரும் அப்படியே முழங்காலில் இருந்தார்கள். நான் அப்போது உணவகத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கூட வேலை செய்த அபிஜான்காரர் தொலைக்காட்சியில் அதைப் பார்த்துவிட்டு, ஈரக் கையோடு முகத்தை மூடிக்கொண்டார். நான் கேட்காமலேயே அவருடைய தட்டுகளையும் சேர்த்துக் கழுவினேன்.

பெரியம்மா [7:18]: போர் நின்றதா?

பரிஸ் சித்தப்பா [7:24]: அந்தப் பேச்சால் நின்றது என்று பலர் எழுதுகிறார்கள், நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சமாதான ஒப்பந்தம் 2007 மார்ச்சில்தான் வந்தது. அந்த யூனில் கிளர்ச்சியாளரின் தலைநகராயிருந்த புவாக்கேயில் மடகாஸ்கருக்கு எதிராக ஆடி 5-0 என்று வென்றார்கள். ஆனால் 2010 தேர்தலுக்குப் பிறகு மறுபடியும் சண்டை வந்தது.

நான் [7:30]: அப்படியானால் 2012ஐயும் பெரியம்மாவுக்குச் சொல்லுங்கள் சித்தப்பா.

பரிஸ் சித்தப்பா [7:47]: அந்த வருடம் பெப்ரவரியில் ஆபிரிக்கக் கிண்ண இறுதி ஆட்டத்தில், சாம்பியாவுக்கு எதிராகக் கிடைத்த தண்ட உதையை (பெனால்டியை) அவர் கம்பத்துக்கு மேலால் அடித்தார், கிண்ணம் போய்விட்டது. 2006 இறுதியிலும் அவருடைய தண்ட உதை தவறியிருந்தது. தேசிய அணிக்கு 65 கோல் அடித்த மனிதருக்கு அந்தக் கிண்ணம் கடைசிவரை கிடைக்கவில்லை. மூன்று மாதம் கழித்து முனிச்சில், ஐரோப்பாவின் முதன்மைக் கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கின் இறுதி. எதிரே ஆடிய ஜெர்மனியின் பயர்ன் அணிக்கு இருபது மூலையுதைகள் கிடைத்த ஆட்டத்தில், செல்சிக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் 88ஆவது நிமிடத்தில். சக வீரர் மாத்தா உதைக்க, ட்ரோக்பா தலையால் முட்டிச் சமப்படுத்தினார். மேலதிக நேரத்தில் பயர்னின் ரிபெரியை விழுத்தி எதிரணிக்குத் தண்ட உதை கொடுத்ததும் அவர்தான்; ரொபனின் அந்த உதையைச் செல்சியின் கோல்காப்பாளர் செக் தடுத்தார். சமநிலை மாறாததால் இரு அணிகளும் மாறி மாறித் தண்ட உதை அடித்தன; கடைசியில் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் உதைக்கு ட்ரோக்பாவே நடந்துபோனார். இரண்டே எட்டு எடுத்துவைத்து, செக் எதிரே இருந்த நோயரை ஒரு பக்கம் பாயவிட்டு மறுபக்கத்தில் அடித்தார்.

அப்பா [7:52]: தம்பி, பருவக் கட்டணம் வெள்ளிக்கிழமையே கட்டியாகிவிட்டது. காலைப் பயிற்சிக்குப் போவதை நான் மறிக்கவில்லை. பத்து மணி வகுப்புக்கு நேரத்துக்கு வந்துவிடு.

நான் [7:58]: புதன்கிழமை கிரயக் கணக்கியல் பரீட்சை இருக்கிறது. அது முடிந்த பிறகு முனிச் ஆட்டத்தின் காணொளியை அனுப்புங்கள் சித்தப்பா.

பரிஸ் சித்தப்பா [8:01]: அனுப்புகிறேன். லு மான் காலத்து ஆட்டம் ஏதாவது கிடைத்தால் அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

பெரியம்மா [8:03]: எனக்கும் அனுப்பு. அதற்கு முன், மேலே "செக் எதிரே இருந்த நோயரை" என்று எழுதியதைத் திருத்து. செக் உங்களுடைய ஆள் என்றுதானே சற்றுமுன் எழுதினாய்?

பரிஸ் சித்தப்பா [8:04]: தவறுதான் அக்கா, செக் என்ற சொல்லை எடுத்துவிட்டு வாசியுங்கள்.